ஏகமனதாக வென்ற தொடர்

"தீர்மானம் எண் 6: சொந்த மண்ணில் நடைபெற்ற டெஸ்ட் தொடரில் நியூசிலாந்து அணியை வென்று நாட்டுக்குப் பெருமை சேர்த்த இந்திய அணியை இச்சங்கம் மனமாரப் பாராட்டுகிறது. ஏகமனதாக நிறைவேறியது."

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. கையெழுத்து என்னுடையது. கீழே தலைவர் கையொப்பமிட்டிருக்கிறார். ரப்பர் முத்திரையும் குத்தியிருக்கிறது. தேதியும், கூட்டம் முடிந்த நேரமும் உண்டு. தேதிகளைக் குறைத்துக்கொள்ளும்படி இந்த அத்தியாயங்களை வெளியிடும் வார இதழின் ஆசிரியர் மூன்று முறை கேட்டுக்கொண்டுவிட்டார் (மூன்று முறைக்கும் தேதி என்னிடம் இருக்கிறது). ஆகவே, அது ஒரு புரட்டாசியின் கடைசி ஞாயிறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொடர் தொடங்க வேண்டிய நாள் அடுத்து வந்த புதன்கிழமை. அன்று பெங்களூரில் மழை. முதல் பந்து வீசப்பட்டது வியாழக்கிழமை. ஆக, களத்தில் இறங்கியவர்களைவிட நான்கு நாள் முன்னதாகவே எங்கள் சங்கம் அந்தத் தொடரை வென்றுவிட்டது.

நமுத்துப்போன பொரி

கூட்டம் வழக்கம்போலக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மிஞ்சிய பொரியையும் பொட்டுக்கடலையையும் காகிதத்தில் சுருட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். பொரி நமுத்துப்போயிருந்தது. அதை மெல்லும்போது சத்தம் வராது என்பதால் குறிப்பெடுக்க வசதியாக இருந்தது.

சங்கத்துக்கு நான் செயலாளர். ரயில்வேயில் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதிவைப்பதே என் உத்தியோகம். முதலில் பென்சிலில் எழுதுவேன், பிறகு மையில். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீடு என் மனைவி விஜயாவின் பெயரில் இருக்கிறது. கூட்டத்தில் உட்காருவது நான். அவள் பின்னால் நின்று காப்பி கொடுப்பாள்.

தலைவர் சௌந்தரராஜன் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய தர்க்கம் பின்வருமாறு:

சங்கம் ஆண்டுதோறும் தீபாவளிக்கு ஒரு சிறு மலர் வெளியிடும். எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் நாட்டு நடப்பைப் பற்றி ஒரு பாராட்டுத் தீர்மானம் வருவது மரபு. மலர் அச்சாவது அரியமங்கலத்தில் ஒரு சிறிய அச்சகத்தில். அச்சகக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்: "புரட்டாசிக்குள்ள மேட்டர் குடுத்துடுங்க சார். பசங்க தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டா நான் ஒண்டியாளு."

மூன்றாவது டெஸ்ட் முடிவதோ தீபாவளி கழிந்த பிறகு. எனவே, தொடர் முடியும்வரை காத்திருந்தால் மலர் வராது. மலர் வர வேண்டுமென்றால் தொடர் முடிந்தாக வேண்டும். தொடரை முடிப்பது நம் கையில் இல்லை. ஆனால் தீர்மானத்தை முடிப்பது நம் கையில் இருக்கிறது.

இதில் ஓட்டை கண்டுபிடிக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இருபத்து நான்கு வீட்டுக்காரர்கள். அதில் பொறியாளர்கள் எட்டுப் பேர்.

ஒரு ஆட்சேபம்

மன்னிக்கவும், ஒருவருக்குத் தோன்றியது.

மூன்றாவது மாடியில் குடியிருந்த மாணிக்கம். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். லால்குடிப் பக்கம் வயல் இருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் ரயில்வே மைதானத்தில் ஆடுகளம் தயார் செய்வதையும் அவரே பார்த்துக்கொண்டார். உருளையை எத்தனை முறை ஓட்ட வேண்டும், தண்ணீர் எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

அவர் எழுந்து நின்றார்.

"சார், நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். இப்ப இதைப் போட வேணாம். இந்தத் தொடர் நம்ம கையை விட்டுப் போகப்போவுது."

சிரிப்பு.

"சிரிக்காதீங்க. நம்மாளுங்க பந்து சுழலுற தரையாப் போடுவாங்க. நல்லாத்தான் சுழலும். ஆனா அதுல நின்னு தடுத்து ஆட இப்ப நம்மகிட்ட யாரு இருக்கா? அவுங்க பந்து போட்டாலும் அதே தரைதானே சார் சுழலும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாணிக்கம், நீர் நியூசிலாந்துக்கு எப்போ குடிபோனீர்?"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை பொரி சிந்தியது.

"பன்னெண்டு வருஷமா இங்க வந்து யாராவது தொடரை ஜெயிச்சிருக்காளா ஓய்? இவா இப்பத்தான் இலங்கையில உதை வாங்கிண்டு வரா. எல்லாம் பெருமாள் பார்த்துப்பார். செக்ரட்டரி, எழுதும்."

"எழுதுங்க சார்," என்றார் மாணிக்கமும், என்னைப் பார்த்து. "நான் எதிர்க்கிறேன்னும் சேர்த்து எழுதுங்க."

சங்க விதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்சேபம் குறிப்பேட்டில் ஏற வேண்டுமானால் இன்னொரு உறுப்பினர் அதை ஆதரிக்க வேண்டும். "யாராவது ஆதரிக்கிறீர்களா?" என்று தலைவர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் "இல்லை" என்று அவரே பதிலும் சொன்னார். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி, என் கணிப்பில், ஒரு விநாடிக்கும் குறைவு.

நான் ரஃப் நோட்டில் பென்சிலால் எதையோ கிறுக்கினேன். அன்று மாலை மையில் எழுதும்போது "ஏகமனதாக" என்று எழுதினேன். அதுதான் எப்போதும் எழுதும் சொல். கை தானாக எழுதியது.

பார்த்த பந்துகள்: பூஜ்யம்

இங்கே ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும்.

இருபது வருடங்களுக்கு முன், இதே போன்ற மழைப் பருவத்தில், ஆஸ்திரேலியா இங்கே வந்திருந்தது. சென்னை டெஸ்டின் கடைசி நாள். இந்தியா இலக்கைத் துரத்தத் தொடங்கியிருந்தது, பத்து விக்கெட்டும் கையில். நானும் மாணிக்கமும் ரயில்வே பாஸில் கிளம்பிப் போனோம். கையில் எலுமிச்சை சாதம். என் பையில் ஸ்கோர் எழுத நோட்டு, மூன்று பென்சில், ஒரு ரப்பர்.

மழை விடவே இல்லை. ஒரு பந்துகூட வீசவில்லை. ஆடுகளத்தின் மேல் விரித்திருந்த தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுத் திரும்பினோம். அந்தத் தொடரை ஆஸ்திரேலியா வென்றது. அன்று மழை பெய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று திருச்சியில் இன்றும் விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிறது.

திரும்பும் வண்டியில் நான் நோட்டில் எழுதினேன்: "பார்த்த பந்துகள்: பூஜ்யம்."

மாணிக்கம் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதைக்கூடவா சார் எழுதுவீங்க?"

"நடந்தது அதுதானே?"

"சரிதான். நீங்க எழுதினா அப்படியே இருக்கும்."

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இந்த வாக்கியம் என் கழுத்தைப் பிடித்தது, அதனால் சொல்கிறேன்.

மைதா பசை

பெங்களூரில் இந்தியா நாற்பத்தாறு ரன்னுக்குச் சுருண்டது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "மழை ஈரம்" என்று ஒருவர் விளக்கினார். முதல் டெஸ்ட் போயிற்று. "எழுப்பி விட்டுட்டான், இனிமே பாருங்கோ" என்று தலைவர் எழுதினார்.

புனேயில் சுழலும் தரை போட்டார்கள். நன்றாகவே சுழன்றது. நியூசிலாந்தின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் அதில் பதின்மூன்று விக்கெட் எடுத்தார். ஆட்டம் மூன்றாம் நாளே முடிந்தது. அதோடு தொடரும் முடிந்தது. நியூசிலாந்து இந்தியாவில் ஒரு டெஸ்ட் தொடரை வென்றது அதுவே முதல் தடவை.

அதற்கு அடுத்த நாள் அரியமங்கலத்திலிருந்து மலர் வந்து சேர்ந்தது. நூறு பிரதி. அச்சு பிரமாதம். முதல் பக்கத்தில் மூவர்ணக் கட்டத்துக்குள் தீர்மானம் எண் 6.

அச்சகத்துக்குப் போன் போட்டோம். பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. பெரிய கோயிலில் ஐப்பசி ஊஞ்சல் உற்சவம் வரவிருந்தது. அதன் நிகழ்ச்சி நிரலை ஜெராக்ஸ் எடுத்து, கட்டத்தின் அளவுக்கு வெட்டி, தீர்மானத்தின் மேல் ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. பெருமாள் பார்த்துப்பார் என்று தலைவர் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு ஒருவராக வந்து உட்கார்ந்தோம். விஜயா மைதா பசை காய்ச்சிக் கொடுத்தாள். வெளியே ஐப்பசி மழை. மாணிக்கமும் வந்தார். ஒரு கத்தைப் பிரதியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, ஓரம் பிசகாமல், ஒவ்வொன்றாக ஒட்டினார். மற்றவர்கள் ஒட்டியது கோணல் மாணலாக இருந்தது. அவர் ஒட்டியது அச்சடித்தது போல இருந்தது.

தலைவருக்கே தாங்கவில்லை. "மாணிக்கம், நீர் சொன்னது ஏதோ வாய் முகூர்த்தம் போல ஆயிடுத்து."

"வாய் இல்ல சார், தரை," என்றார் மாணிக்கம், தலை நிமிராமல்.

மழை ஈரத்தில் மைதா பசை காயாது என்பதை எட்டுப் பொறியாளர்களும் மறந்துவிட்டார்கள். தீபாவளியன்று காலை மலர் வீடு வீடாகப் போனது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர்கள் பிரித்தபோது உற்சவ நிரல் கழன்று மடியில் விழுந்தது. அடியில் மூவர்ணத்தில் நாம் தொடரை வென்றிருந்தோம்.

அம்மா மண்டபம் படித்துறையில்

மறுநாள் காலை நடையில் மாணிக்கத்தைப் பார்த்தேன். எப்போதும் சேர்ந்து போகிறவர்கள். புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். படித்துறையில் காவிரியில் முங்க வந்த துலா ஸ்நானக் கூட்டம். கோயில் யானை தங்கக் குடத்தோடு சாலையில் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி முழுக்கத் தினமும் போகும். நேரம் தவறாது. ரயில்வேக்காரன் பொறாமைப்படும் அளவுக்கு.

"சார், பொங்கல் கழிச்சு லால்குடிக்கே போயிடலாம்னு இருக்கேன். தம்பிக்கு முடியல, வயலைப் பார்க்க ஆள் இல்ல. வீட்டை விக்கிறதா முடிவு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"பேசற மாதிரி இல்லையே சார்." முங்கி எழுந்த ஈர வேட்டியின் முனையைப் பிழிந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் நீங்க. அந்தக் குறிப்பேட்டுல ஏகமனதாகன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதை மாத்தணும்."

"அது விதிப்படி..."

"சார், நான் ஜெயிச்சேன்னு எழுத வேணாம். நான் சொன்னது பலிச்சுதுன்னும் எழுத வேணாம். நான் ஒத்துக்கலன்னு எழுதுங்க, போதும். நாளைக்கு யாராவது அந்த நோட்டைப் பிரிச்சா, தொடர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஜெயிச்சுட்டோம்னு கையைத் தூக்கின கூமுட்டைங்கள்ல நானும் ஒருத்தன்னு இருக்கும். நான் அந்த லிஸ்டுல இல்ல சார்."

"ஆதரிக்க ஆள் இல்லையே மாணிக்கம்?"

"இருந்துச்சு. பின்னாடி ஒரு கை தூக்கினாங்க. நான் திரும்பிப் பார்த்தேன். யாருன்னு தெரியல, கார் மறைச்சுது. கை தெரிஞ்சுது. நீங்க எனக்கு நேரா உக்காந்திருந்தீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது."

நான் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தேன்.

"வண்டி லேட்டுன்னா லேட்டுன்னு எழுதினவர் நீங்க. பெரிய அதிகாரி வந்து ரெண்டு நிமிஷம் குறைச்சுப் போடுய்யான்னு சொன்னப்பகூட மாத்தல. பணிமனை பூரா அதைப் பத்திப் பேசினோம். அன்னிக்கு மட்டும் ஏன் சார் எழுதல?"

அதிகாரி முன்னால் வராத பயம், நமுத்த பொரியோடு சிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். மறுநாள் லிப்டில் அவர்களைப் பார்த்தாக வேண்டுமே.

பென்சில் பக்கம்

வீட்டுக்கு வந்து ரஃப் நோட்டை எடுத்தேன். அன்றைய பக்கத்தில், ஆறாம் எண்ணுக்கு எதிரே, என் பென்சில் எழுத்து: "எதிர்ப்பு - மா. பின்னால் கை 1 (?)"

நான் பார்த்திருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன். மையில் ஏற்றும்போது விட்டிருக்கிறேன். வரலாற்றில் நேர்மை வேண்டும் என்று இதே வார இதழில் சில வாரங்களுக்கு முன் அரைப் பக்கம் உபதேசம் செய்தவனும் நானே.

அந்த ஞாயிறு மும்பையில் மூன்றாவது டெஸ்ட். தலைவர் வீட்டு டிவி. வெல்ல வேண்டியது நூற்று நாற்பத்தேழு. மானத்தையாவது காப்பாற்றலாம் என்று எல்லோரும் கூடியிருந்தோம். நூற்று இருபத்தொன்றில் முடிந்தது. மூன்றுக்கு மூன்று.

தலைவர் டிவியை அணைத்தார். "தரையை இப்படிப் போட்டா எவன் ஆடுவான்? அவாளும்தானே சுழற்றுவா?" என்றார், இந்த உண்மையை உலகத்துக்கு முதன்முதலாக அறிவிக்கும் முகத்தோடு.

மாணிக்கம் அங்கே இல்லை. யாராவது அவர் பேரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கைக்கு ஐந்து சொந்தக்காரர்கள்

கார்த்திகையில் அடுத்த வழக்கமான கூட்டம். முந்தைய குறிப்பை வாசித்து உறுதிசெய்ய வேண்டிய இடத்தில் எழுந்து நின்றேன். "தீர்மானம் ஆறில் ஒரு பிழை இருக்கிறது. பிழை என்னுடையது," என்று சொல்லிப் பென்சில் பக்கத்தை வாசித்தேன். "அந்தக் கை யாருடையது?" என்றும் கேட்டேன்.

தொடருக்கு முன் ஒற்றைக் கை மட்டுமே உயர்ந்த இடத்தில் இப்போது ஐந்து கைகள் எழுந்தன.

"நான்தான் சார். எனக்கு அன்னிக்கே ஒரு டவுட்டு."

"நீங்க எங்க தூக்கினீங்க? நான்தான் தூக்கினேன், தலைவர் பார்க்கல."

மூன்றுக்குப் பூஜ்யம் என்றான பிறகு எங்கள் குடியிருப்பில் தீர்க்கதரிசிகளுக்குப் பஞ்சமில்லை. வருத்தமான விஷயம், ஐவருமே அன்று முன்வரிசை. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நான் படம் போட்டு வைத்திருந்தேன்.

"குறிப்பேட்டைத் திருத்தினா சங்கத்துக்கு அசிங்கம், ஓய்," என்றார் தலைவர்.

"மலரைவிடவா சார்?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எதிர்க்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "தீர்மானம் எண் 6-இல் 'ஏகமனதாக' என்று உள்ளது தவறு. மாணிக்கம் ஆட்சேபித்தார். ஒருவர் கை உயர்த்தி ஆதரித்தார். அவர் யார் என்பது உறுதிப்படவில்லை." தலைவர் கையொப்பமிட்டார்.

மாணிக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "மணி போடலையே சார்?" என்றார்.

போட்டேன். மாலை 6.10.

"ஒரு ஜெராக்ஸ் குடுத்துடுங்க."

அந்த ஜெராக்ஸோடுதான் அவர் பொங்கல் கழிந்து லால்குடிக்குப் போனார். அதற்கு முன் மார்கழி முழுக்கச் சேர்ந்தே நடந்தோம்.

அதற்கடுத்த ஐப்பசியில், தென்னாப்பிரிக்கா வரவிருந்தபோது, லால்குடியிலிருந்து போன் வந்தது. "சார், பென்சில் இருக்கா? இந்த வாட்டியும் சொல்றேன், எழுதிக்கோங்க. நேரா மையிலயே எழுதுங்க." எழுதினேன், தேதியும் நேரமும் போட்டு. அவர்களும் இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றுவிட்டுப் போனார்கள். எங்கள் மலரில் அந்த வருடம் நாட்டு நடப்பு எதுவும் வரவில்லை. முதல் பக்கத்தில் லேகியம் செய்முறை.

விடுபட்ட ஒன்று

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்காகக் ரஃப் நோட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று போட்ட படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அன்று பின்வரிசையே கிடையாது. நாற்காலிகள் முடிந்ததும் கார்கள். கார்களுக்கு அந்தப் பக்கம் காப்பி மேசை. காப்பி மேசை அருகே நின்றது ஒரே ஒரு ஆள். அந்த ஆளை நான் படத்தில் போடவில்லை.

சமையலறைக்குப் போய்க் கேட்டேன். "அன்னிக்குக் கையைத் தூக்கினது நீயா?"

விஜயா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னிக்கு?"

"மாணிக்கம் எழுந்து பேசினாரே, அன்னிக்கு."

"எத்தனை பேருக்குக் காப்பின்னு தலையை எண்ணிட்டிருந்திருப்பேன்."

"அப்ப ஆதரிச்சுத் தூக்கலையா?"

"தூக்கியிருந்தாத்தான் என்ன? நான் என்ன மெம்பரா?"

சங்க விதி நான்கின்படி, பத்திரத்தில் பெயர் உள்ளவரே உறுப்பினர். அவர் எழுதிக் கொடுத்தால் வீட்டில் இன்னொருவர் அவருக்குப் பதிலாகக் கூட்டத்தில் உட்காரலாம். விதியை எழுதியவன் நான். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உறுப்பினர் விஜயா. அவள் எழுதிக் கொடுத்த கடிதம் எதுவும் என் கோப்பில் இல்லை, தேடிவிட்டேன்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் இன்னொரு கீரைத்தண்டை ஒடித்தாள்.

"மாணிக்கம் அண்ணன் சொன்னதுல என்ன தப்பு? அதே தரைதானே அவுங்களுக்கும் சுழலும்?" என்றாள்.

அந்தக் கை அவளுடையதா என்று மறுபடியும் கேட்டேன். அவள் கீரையை அலச எழுந்து போனாள். எனவே, பின்னால் உயர்ந்த அந்த ஒரு கை யாருடையது, அது ஆதரவுக்கு உயர்ந்ததா அல்லது காப்பிக்குத் தலை எண்ணவா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.